நூற்று அறுபத்தெட்டு சதுர அடியில் ஒரு கல்யாணம்

ஓசூரில் வாரத்துக்கு ஒரு தெருவும் மாதத்துக்கு ஒரு ஓட்டலும் முளைத்துக்கொண்டிருந்த நாட்களில், நேற்று ரோஜாத் தோட்டமாக இருந்த இடம் இன்று நாலு மாடிக் கட்டடமாக எழுந்து நின்று, எந்தத் தெரு எங்கே போய் முடிகிறதென்று தபால்காரருக்கே நிச்சயமில்லாதிருந்த நாட்களில், இளவரசியும் மாதேஷும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட இடம் தேடி நடந்தார்கள். அவள் அறந்தாங்கிக்காரி. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை, பெண்கள் விடுதியில் வாசம். விடுதி வாசலைத் தாண்டி ஆண்கள் வரக்கூடாது. அவன் பென்னாகரத்துக்காரன். இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை, ஐந்து பேரோடு ஓர் அறையில் வாசம். பெண் யாராவது படியேறினால் வீட்டுக்காரர் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிடுவார். ஆகவே உட்கார்ந்து பேசுவதற்கு அவ்வளவு பெரிய ஊரில் அவர்களுக்கு இருந்ததெல்லாம் ஓட்டல் மேசைகள்தான்.

அதிலும் அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சாப்பாடு மட்டும் போதாது, யாராவது எதிரில் நின்று பாடவோ வாசிக்கவோ வேண்டும். பாகலூர் ரோட்டு மொட்டைமாடி ஓட்டலில் கிதார்க்காரர் இங்கிலீஷில் பாட, இவர்கள் பெயர் தெரியாத எதையோ வாங்கி இரண்டு கரண்டி போட்டுத் தின்றார்கள்; புது பிரியாணிக் கடைத் திறப்புக்கு வந்த பறைக்குழு கிளம்பிப் போகிறவரை எலும்பைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்; ஒடிசாக்காரர்கள் குடியிருந்த சந்தில் பருப்பும் பரங்கிக்காயும் குழைந்த குழம்பை வாங்கிக்கொண்டு, மத்தளம் தட்டிப் பாடிய நான்கு பேருக்கு எதிரில் தரையில் சம்மணமிட்டார்கள்; பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆர்மோனியம் வாசித்த பார்வையற்ற தம்பதிக்காக ஆளுக்கு நாலு டீ குடித்தார்கள். எல்லா இடத்திலும் மாதேஷ் சாப்பாட்டைக் கவனித்தான், இளவரசி பாட்டைக் கவனித்தாள், அவள் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைவதையும் மாதேஷ் கவனித்தான்.

“நீயும் பாடேன்” என்றான் ஒரு நாள்.

“எனக்கு வராது.”

“பொய் சொல்ற.”

பொய்தான். ஏழாம் வகுப்பு படிக்கும்போது கோயில் திருவிழாவுக்கு வந்த பாட்டுக் கச்சேரி மேடையில் ஏறி அவள் ஒரு பாட்டுப் பாடினாள். கூட்டம் இன்னொன்று கேட்டது. இரண்டாம் பாட்டின் பாதியில் அப்பா வைரக்கண்ணு மேடையேறி, அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, ஊர் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டத்தில் எவனோ ஒருவன் அவள் பாட்டைப் பற்றியல்லாமல் வேறெதையோ பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்திருந்தது. சொன்னவனை அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகளிடம், “இனிமே வாயத் தொறந்து பாடுனேன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்” என்றார். பதினான்கு வருஷம் அவள் பாடவில்லை.

இப்படி நடந்து நடந்து அவர்கள் வந்து சேர்ந்த இடம் ரத்னாக்கா மெஸ். தையல் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்த மெஸ்ஸில் மேசைகள் நாலே நாலு. நாகரத்னா ஓசூரிலேயே பிறந்தவள். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் அதட்டி அதட்டிப் பரிமாறுவாள். அவள் போடும் ராகிக் களிக்கும் அவரைக்கொட்டைக் குழம்புக்கும் வெளியே எப்போதும் ஒரு வரிசை நிற்கும். அங்கே பாட்டு எதுவும் கிடையாது. கார்த்திகை மாதத் தூறலில் ஒரு ஞாயிறு, குளிர் தாங்காமல், கணக்கை மீறி இவர்கள் உள்ளே நுழைந்தார்கள். இடம் கிடைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறியும் மாவரைக்கும் இயந்திரமும் நின்ற அந்த அமைதியில், வெளியே பதினொரு பேர் நனைந்துகொண்டு நிற்பதையும் அதில் ஒருத்தி குழந்தையை முந்தானைக்குள் வைத்திருப்பதையும் பார்த்துக்கொண்டே, குழம்பின் சூடு தொண்டைக்குள் இறங்க, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இளவரசி முனகத் தொடங்கினாள். முனகல் பாட்டானது. அவள் முதுகைச் சாய்த்திருந்த சுவர் விலகியது; சாய்மானம் போய் அவள் மல்லாக்க விழப் பார்த்தாள்.

சுவர் ஆறடி தள்ளிப் போய் நின்றது. எதிர்ச்சுவரும் அவ்வளவே தள்ளிப் போயிருந்தது.

ரத்னாக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அங்கே ரெண்டு பெஞ்சு போட்டுக்கலாம் போலிருக்கே” என்று சொல்லிவிட்டு, “ஏ அம்மா, நீ நிறுத்தாதே, அவங்க உள்ளே வந்து உட்காரட்டும்” என்றாள். பதினொரு பேரும் உள்ளே வந்தார்கள். குழந்தையைத் துவட்டினார்கள். கடைசி ஆள் கை கழுவிவிட்டு வரும்வரை இளவரசி பாடினாள். அவள் நிறுத்தியதும் சுவர்கள், பசு கொட்டிலுக்குத் திரும்புவதுபோல நிதானமாக, பழைய இடத்துக்கு வந்தன.

தையல்காரர் மறுநாள் தன் கடையை நாடாவால் அளந்து பார்த்தார். ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. செல்போன் கடைக்காரருக்கும் குறையவில்லை. யார் இடத்தையும் எடுத்துக்கொள்ளாமல் விரிகிற இடம் என்றால் நமக்கென்ன ஆட்சேபம் என்று இருவரும் தங்கள் பங்குக்கு ஒரு பெஞ்சு கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள், நாற்பது பேருக்கும் இடமிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு தொண்ணூறு. வருகிறவர்கள் தங்கள் தட்டைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்று ரத்னாக்கா சட்டம் போட்டாள். தட்டோடு நடக்கிறவர்களைப் பார்த்தாலே, இவர்கள் ரத்னாக்கா மெஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று ஆட்டோக்காரர்கள் கேட்காமலே வண்டியைத் திருப்பினார்கள். செல்போனில் பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள், சுவர் அசையவில்லை. அதற்கு உயிருள்ள தொண்டையும் உயிருள்ள கையும்தான் வேண்டியிருந்தது. கிதார்க்காரர் வந்து வாசித்தபோது இரண்டு மேசைக்கு விரிந்தது. ஒடிசாக்காரர்களின் மத்தளத்துக்கு ஐந்து மேசை. ஆர்மோனியத் தம்பதிக்கு ஏழு. இளவரசிக்கு மட்டும் அளவே இல்லை; எத்தனை பேர் வெளியே நிற்கிறார்களோ அத்தனை பேருக்கும் விரிந்தது. மொட்டைமாடி ஓட்டல்காரர் அவளை அழைத்துப்போய்ப் பாடச் சொன்னார். அங்கே பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒரு செங்கல்கூட நகரவில்லை. இடம் தேவைப்படாத இடத்தில் விரிந்து என்ன செய்ய என்று மாதேஷ் அவருக்குச் சமாதானம் சொன்னான்.

ஊருக்குப் போன் பேசும்போது மட்டும் இளவரசி, “சாப்பிடப் போயிருந்தேன்ப்பா” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவர்கள் சாதி வேறு வேறு. இந்த மெஸ்ஸுக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்கிய பேச்சுக்கு வைரக்கண்ணு சம்மதிக்க இரண்டு வருஷம் ஆனது. சம்மதித்த பிறகும், “அவங்க ஊர்லயும் வேணாம், நம்ம ஊர்லயும் வேணாம், வேலை பாக்குற எடத்துலயே முடிச்சிருங்க” என்றார். ஆவணியில் ஒரு ஞாயிறு, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். மண்டபம் பேசி, எண்ணூறு பேருக்குக் கணக்கிட்டுப் பத்திரிகை அடித்து, இரண்டு ஊரிலும் கொடுத்து முடித்த பிறகு, கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில் ரோட்டை அகலப்படுத்த வந்த இயந்திரங்கள் மண்டபத்தின் முன்பாதியைச் சாப்பாட்டுக் கூடத்தோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்தன. ஓசூரில் அந்த ஞாயிறுக்கு வேறு மண்டபமே இல்லை. மாதேஷின் அம்மா இது நல்ல சகுனமில்லை என்று போனில் அழுதாள். இளவரசியின் சித்தப்பா பழநிவேல், முதலிலிருந்தே இந்தக் கல்யாணம் பிடிக்காதவர், “கடவுளே காட்டிட்டாரு, இத்தோட விட்டுருவோம்ண்ணே” என்று அண்ணனிடம் சொன்னார்.

“இங்கேயே பண்ணிக்கிட்டாப் போச்சு” என்றாள் ரத்னாக்கா, களியைக் கிளறிக்கொண்டே. “சமையலுக்கும் வெளியே போக வேண்டாம்.”

மாதேஷ் ஒருநாள் எல்லோரையும் கூட்டிவந்து பார்த்தான். கிதார், மத்தளம், ஆர்மோனியம், பேசிவைத்த நாதஸ்வரக் குழு, அத்தனையும் ஒன்றாக வாசித்தபோது நூற்றைம்பது பேருக்கு விரிந்தது. மிச்சம் அறுநூற்றைம்பது பேர் ரோட்டில் நிற்க வேண்டும்.

“நீதான் பாடணும்” என்றான் மாதேஷ். “உங்கப்பாகிட்ட நான் பேசட்டா?”

“வேணாம். பதினாலு வருஷமா நான்தான் பேசாம இருக்கேன். நானே பேசுறேன்.”

சனிக்கிழமை மதியம் வைரக்கண்ணு வந்து இறங்கினார். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பையில் இன்னமும் இரும்பு நாடா வைத்திருந்தார். மெஸ்ஸின் முன்னால் நின்று, நாடாவின் ஒரு முனையை மகளிடம் கொடுத்து அளந்தார். அகலம் பத்தரை அடி, நீளம் பதினாறு.

“நூத்தி அறுபத்தெட்டு சதுர அடி” என்றார். “இதுல எண்ணூறு பேரு எப்புடி ஆத்தா உக்காருவாக?”

“நான் பாடுனா விரியும்ப்பா.”

வைரக்கண்ணு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. விரியும் என்றதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“பாடுனாவா?” என்றார். “நீ பாடுறியா?”

“ஆமாப்பா.”

“எத்தன நாளா?”

“கார்த்திகையிலேர்ந்து. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்.”

“நாலு பேரு பாக்கவா?”

“நானூறு பேரு பாக்க.”

அவர் நாடாவைப் பைக்குள் வைத்தார். “மணவறையில குனிஞ்ச தலையோட உக்கார வேண்டிய பொண்ணு பாடுனா, நம்ம சனம் என்ன பேசும்? ரோட்டுல பந்தல் போட்டு முடிச்சாலும் முடிப்பேன், இது வேணாம்.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். சாயங்காலம்வரை பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு என்று பள்ளிக்கூடம், கட்சி ஆபீஸ், அரிசி கோடவுன் ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் யாரோ ஏற்கெனவே இருந்தார்கள். பந்தல் போடலாமென்றால் லாரிகள் ஒரு நிமிஷம்கூட ரோட்டைவிட்டு அகலவில்லை. திரும்பி வந்தவர், வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை; செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய பாதங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் அறந்தாங்கியிலிருந்து ஏழு பஸ்களும் பென்னாகரத்திலிருந்து ஆறு பஸ்களும் வந்தன. நாதஸ்வரம் நூற்றுச்சொச்சம் பேரை உள்ளே சேர்த்துக்கொண்டு மூச்சு வாங்கியது. அப்போது கூறைப் புடவையில் மணவறையில் வந்து உட்கார்ந்த இளவரசி, நிமிர்ந்து, கண்ணை மூடாமல், பாடத் தொடங்கினாள்.

சுவர்கள் போயின. காலண்டர் மாட்டியிருந்த சுவர் போகப் போக, காலண்டரில் இருந்த முருகன் ஒரு சிவப்புப் புள்ளியானார். ஒரே ஒரு மின்விசிறிதான், அது எங்கோ உயரத்தில் தும்பிபோலச் சுற்றியது. அறந்தாங்கிச் சனம் ஓரமாக நிற்க, ஓரம் அவர்களைவிட்டு நகர்ந்துகொண்டே போக, அவர்கள் உட்கார்ந்தார்கள். பென்னாகரத்துச் சனம் தங்களோடு வந்த ஆட்களைத் தேடிக் கூவினார்கள். காலைப் பலகாரத்துக்கு முதல் பந்தியைத் தொடங்கிய ரத்னாக்காவின் ஆட்கள் அடுப்படியிலிருந்து கடைசி வரிசைக்கு நடந்து மாளாமல், சாம்பார் வாளியை சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு மணியடித்தபடி இலைகளுக்கு நடுவே ஓட்டினார்கள். பாயசம் ஒரு மொபெட்டில் போனது. இளவரசிக்குத் தெரிந்த பாட்டுகள் தீர்ந்தன. தீர்ந்ததும் அவள் கண்ணில் பட்டதைப் பாடினாள். பேராவூரணி அத்தையை, ஏரியூர் மாமாவை, பஸ்ஸில் வாந்தியெடுத்த தங்கச்சியை, இட்லி தீர்ந்த இலையை, ஒவ்வொன்றையும் ராகம் போட்டு உள்ளே அழைத்தாள். பெயர் வந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

வைரக்கண்ணு முன்வரிசையில் இல்லை. தூரத்தில், கதவுக்குப் பக்கத்தில், தம்பி பழநிவேலோடு நின்றார்.

“என்னண்ணே இது” என்றார் பழநிவேல். “கல்யாணப் பொண்ணா, கரகாட்டக்காரியா? நாளைக்கு ஊருல எப்புடி நடப்போம்?”

வைரக்கண்ணு மணவறையை நோக்கி நடந்தார். அது வெகுதூரமாகிப் போயிருந்தது. வேகமாக நடந்தும் பத்து நிமிஷம் ஆனது. அவர் வருவதை இளவரசி முதலில் ஒரு வெள்ளைச் சட்டையாகப் பார்த்தாள், பிறகு கைகளாக, பிறகு முகமாக. பாடிக்கொண்டேதான் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் மைக்கைப் பிடித்திருந்த விரல்கள் மடியில் தாமாக இறுகின.

“போதும்” என்றார் அப்பா. “நிறுத்து.”

அவள் நிறுத்தினாள்.

சுவர்கள் கிளம்பிவிட்டன. அவசரமில்லாமல்தான் வந்தன, ஆனால் நிற்காமல் வந்தன. முருகன் மறுபடி முருகனானார். பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். எழுந்தவர்களை நின்றவர்கள் நெருக்கினார்கள். சைக்கிள் கவிழ்ந்து சாம்பார் ஓடியது. குழந்தைகளைத் தோளில் ஏற்றினார்கள். ஒரு வரிசை இன்னொரு வரிசைக்குள் புகுந்தது, அறந்தாங்கி பென்னாகரத்துக்குள் புகுந்தது, யார் யாரோடு சமமாக உட்காரக்கூடாதென்று இரண்டு ஊரிலும் பேசிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். வைரக்கண்ணுவின் மூக்கு மாதேஷின் அப்பா மாதையனின் மூக்கில் முட்டியது. இத்தனை நாளும் சம்பந்தியின் முகத்தைப் பார்க்காமலே பேசி வந்தவர் அவர். இப்போது அந்த ஆளின் இமைமயிரைக்கூட எண்ணலாம்.

“சம்பந்தி” என்றார் மாதையன், மூச்சுத் திணற. “எம்பொண்டாட்டி இதோ, உங்க முழங்கைக்குக் கீழ மாட்டிக்கினு இருக்கா. பொண்ணப் பாடச் சொல்லுங்க.”

எங்கோ ஒரு பிள்ளைத்தாச்சி, “வயிறு, வயிறு” என்று அலறினாள். வைரக்கண்ணு கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் திருப்பி, ஒரு சாண் தூரத்தில் இருந்த மகளைப் பார்த்தார்.

“பாடு” என்றார்.

“கேக்கலப்பா.”

“பாடு ஆத்தா.”

“சித்தப்பாவுக்குக் கேக்கணும்ப்பா. கதவுகிட்ட நிக்கிறாரு.”

சுவர் அவர் முதுகில் வந்து தொட்டது. அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்க இடமில்லை, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, வயல் வரப்பில் நின்று அடுத்த வயல்காரனைக் கூப்பிடும் குரலில் கத்தினார்: “எம்மக பாடட்டும்! எவன் என்ன சொன்னாலும் எம்மக பாடட்டும்!”

இளவரசி பாடினாள். இத்தனை மாதம் பாடியதெல்லாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டது மாதிரி இருந்தது. சுவர்கள் துள்ளிப் பின்வாங்கின, முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போயின, முருகன் மறைந்தே போனார், வெளியே தூறிக்கொண்டிருந்த வானத்தைவிட உள்ளே கூரை உயரமாக இருந்தது. பிள்ளைத்தாச்சி காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். பத்து மணி பத்து நிமிஷத்துக்குக் கெட்டிமேளம் முழங்க மாதேஷ் தாலியை எடுத்தான். இளவரசி தலை குனியவில்லை. உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். மூன்று முடிச்சையும் போடுகையில் அவள் கழுத்து அதிர்வது அவன் விரல் நுனியில் தெரிந்தது. அவன் அழுதான். அவள் சுரத்தை விடாமலே அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு பந்தி நடந்தது. எண்ணூறு பேரும் ஒரே பந்தியில், ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அப்படியும் கடைசியில் இடம் கிடந்தது, கிடந்த இடத்தில் ரத்னாக்கா விடாமல் இலை போட்டுக்கொண்டே போனாள். எல்லாப் பாட்டுக்காரர்களும் இளவரசியோடு சேர்ந்துகொண்டார்கள். மத்தளக்காரர்கள் அவள் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, கிதார் பின்னால் ஓடி வந்தது. பழநிவேல் மூன்றாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் குடித்தார்.

வைரக்கண்ணு அந்தக் காலி இலைகளைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து ரோட்டுக்கு வந்தார். இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிய கம்பெனி பஸ்கள் மழையில் நெரிசலில் நின்றன. அவர் ஒவ்வொரு பஸ்ஸின் தகரத்தையும் உள்ளங்கையால் தட்டினார். “எறங்குங்கய்யா, சாப்பிட்டுட்டுப் போங்க! உள்ள எடம் கெடக்கு!” தலைக்கவசத்தோடும் அடையாள அட்டையோடும் அவர்கள் இறங்கினார்கள். பெண்கள் விடுதியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, கட்டட வேலைக்காரர்கள் சிமெண்டுக் கையோடு வந்தார்கள், லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள். பத்தரை அடி அகல வாசலுக்குள் அத்தனை பேரும் போனார்கள்.

தமிழ் தெரியாத ஓர் இளைஞன், வடக்கே எங்கிருந்தோ வந்தவன், வாசலில் தயங்கி நின்று, உள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு, இந்தியில் என்னவோ கேட்டான். யார் பாடுவது என்று கேட்கிறான் என்பது வைரக்கண்ணுவுக்கு எப்படியோ புரிந்தது. பதில் சொல்ல அவருக்கு அந்த பாஷை வரவில்லை. வலது கையால் தன் நெஞ்சை இரண்டு முறை தட்டிக் காட்டினார். பிறகு அதே கையை உள்ளே நீட்டினார்.